மறுபடி கேட்கும் தம்பி

என் பெயர் வெளியே வரவேண்டும் என்று எனக்கு ஆசை. இதைச் சொல்ல வெட்கப்பட்டே பாதி ஆயுள் போய்விட்டது. இனிமேல் வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது? தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதியே தலை நரைத்தவள் நான். ஒரு காலத்தில் உங்கள் வீட்டு ஹாலில் மாமியார்கள் விட்ட சாபமெல்லாம் என் கைவரிசைதான். திரையில் ஓடிய பெயர் மட்டும் வேறு யாருடையதோ. பிறகு தொடர்களின் காலம் முடிந்தது. ஜனங்கள் காதில் கடுகளவுக் கருவி ஒன்றை மாட்டிக்கொண்டு கதைக்குள்ளேயே போய், அங்கே இருப்பவர்களோடு பேசவும் சண்டை போடவும் ஆரம்பித்தார்கள். கருவிக்குப் பெயரே 'கடுகு' என்று ஆகிவிட்டது. அந்த மாதிரிக் கதைகள் செய்யும் பீளமேட்டுக் கம்பெனி ஒன்று என்னை வேலைக்குக் கூப்பிட்டது. அங்கே கதை தொடங்கும்போது எழுதியவர் பெயரைக் குரலில் சொல்வார்கள். 'கதை: கோகிலவாணி.' அதை ஒரு தடவை என் காதால் கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தேன்.

அதை முதல் நாளே என் வாயால் நானே கெடுத்துக்கொண்டேன்.

அங்கே என்னோடு சேர்ந்து எழுதுவது ஒரு செயற்கை அறிவு. கூட்டாளி என்று பெயர். மேஜை மேல் ஒரு ஒலிபெருக்கி, ஒரு சின்னக் கேமரா, அவ்வளவுதான் அதன் உடம்பு. கதையின் எலும்பை நான் வைக்கவேண்டும்: யார் யார், என்ன பகை, எது நடக்கலாம், எது நடக்கவே கூடாது. சதை வைப்பது கூட்டாளி. கேட்பவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி பேசுவார்களே, அவரவர் பேச்சுக்குத் தக்கபடி அந்தந்த வீட்டில் அந்த நொடியில் புதுக் கிளை வளர்த்துக் கொடுக்கும். ஆயிரம் வீட்டில் ஆயிரம் கதை. மனிதப் பிறவியால் ஆகிற காரியம் இல்லை.

முதல் நாள் அறிமுகமெல்லாம் முடிந்ததும் அது கேட்டது.

"அக்கா, கதை ஆரம்பத்துல உங்க பேரைச் சொல்லட்டுங்களா?"

"அட, என் பேரெல்லாம் எதுக்கு? வேண்டாம் போ."

"சரிங்க்கா."

அடுத்த வேலைக்குப் போய்விட்டது. நான் சிரித்த சிரிப்பு முகத்திலேயே காய்ந்தது. ஏய், நில்லு, இன்னொரு தடவை கேளு என்று சொல்லவா முடியும்? வீட்டுக்குப் போய் ரசம் வைத்தேன். புளி அதிகமாகிவிட்டது. இயந்திரத்துக்கு என்ன திமிர் என்று அதையும், கம்பெனியையும், கம்பெனியை நடத்துகிற மிருதுளாவையும் சேர்த்தே திட்டித் தீர்த்தேன்.

ஆனால் வேலையில் குறை வைக்கவில்லை. 'பொதுக் கிணறு' என்று ஒரு கதை செய்தோம். கிணற்றுத் தண்ணீருக்காகச் சண்டை போட்டுப் பிரிந்த குடும்பம். கேட்பவர் ஆண் என்றால் அவர்தான் அண்ணன், பெண் என்றால் அக்கா. தம்பி எங்கள் ஆள். கதையின் நடுவே, தன் மகளின் கல்யாணத்துக்கு அழைக்கத் தாம்பூலத் தட்டோடு தம்பி வந்து வாசலில் நிற்பான். அங்கிருந்துதான் கதை சூடு பிடிக்கும். கல்யாண வீட்டுக் காட்சிகளை நான் உயிரைக் கொடுத்து எழுதியிருந்தேன்.

பொங்கலுக்கு வெளியீடு. அதற்கு முன் சில வீடுகளில் கொடுத்துச் சோதனை பார்த்தார்கள். ஒரு நாள் மிருதுளா என் மேஜைக்கு வந்தாள். முப்பத்தைந்தைத் தாண்டாதவள், கெட்டிக்காரி, சுற்றி வளைக்காமல் பேசுவாள். கூட்டாளியை உருவாக்கியதே அவள்தான்.

"கோகிலாக்கா, தம்பி தட்டோட வர்ற இடத்துல முக்கால்வாசிப் பேர் கடுகைக் கழட்டி வச்சுடறாங்க. மீதிப் பேரும் கல்யாணத்துக்குப் போய்ச் சேரல. ஏன்னு தெரியல. சரியாகலைன்னா பொங்கலுக்கு, தயாரா இருக்கற துப்பறியும் கதையைத்தான் விடணும்."

"அப்ப பொதுக் கிணறு?"

"கிடப்புல போடறதைத் தவிர வேற வழியில்லைக்கா."

பெயர்தான் போயிற்று, கதையுமா? கதை வெளியே வந்தால், இது யார் எழுதினது என்று யாராவது ஒருவர் கேட்கமாட்டாரா என்று அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் நான் இருந்தேன்.

வழி சொல்ல ஆள் தானாகவே வந்து சேர்ந்தார். மறுநாள் காலை, வாசலில் இருந்த காவலாளியையும் மீறிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைக் கையில் கிரீஸ் கறை. கணபதியில் பம்புசெட் பட்டறை வைத்திருக்கும் நாச்சிமுத்து. சோதனைக்குக் கதை கேட்டுக்கொண்டிருந்தவர்.

"ஏனுங்க, இங்க யாருங்க கதை எழுதறது?"

"நான்தானுங்க" என்று எழுந்தேன். அடி விழாது என்று ஒரு நம்பிக்கை.

"தம்பி தட்டைக் கொண்டாந்து வெச்சுக் கூப்புட்டானுங்க. கெணத்துச் சண்டைக்கப்புறம் மொத மொதல்ல வாசப்படி மிதிக்கறான். எனக்கு உள்ளுக்குள்ள எப்புடி இருந்திருக்கும்? 'நான் எதுக்குடா, வேண்டாம், நீயே பாத்து நடத்திக்க'ன்னேன். 'சரிங்கண்ணா'ன்னு தட்டை எடுத்துட்டுப் போயிட்டானுங்க!"

"நீங்க வேண்டாம்னு சொன்னீங்களே சார்" என்றாள் மிருதுளா.

"சொன்னேன்."

"அதனாலதான் அவர் போயிட்டார்."

"வேண்டாம்னா போயிடறதாம்மா? எந்த ஊருத் தம்பி அவன்? நான் இத்தன நாளா அவன் மறுபடி வருவான் வருவான்னு காதுல அதை மாட்டிக்கிட்டே சுத்தறேன். வரவேயில்லை." குரல் உடைந்துவிட்டது அந்த மனுஷனுக்கு. சமாளித்துக்கொண்டு, "எனக்கும் நெசத்துல ஒருத்தன் இருக்கானுங்க, சரவணம்பட்டியில" என்றார்.

காபி கொண்டு வந்து வைத்தேன்.

"வேண்டாமுங்க. இப்பத்தான் குடிச்சுட்டு வந்தேன்."

மிருதுளா உடனே டம்ளரை எடுக்கப் போனாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன்.

"அட, ஒரு வாய் குடிங்க."

"எதுக்குங்க சிரமம்..."

"போட்டாச்சு. ஆறிப்போகுதுல்ல?"

எடுத்தார், மடக் மடக்கென்று குடித்தார், காலி டம்ளரை வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். நல்ல தாகம். இதையெல்லாம் மேஜை மேலிருந்து கூட்டாளி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் போனதும் கேட்டது.

"அக்கா, அவர் மொதல்ல சொன்னது பொய்யா?"

"பொய் இல்ல. மரியாதை. நீட்டின உடனே வாங்கிக்கிட்டா அலைஞ்ச மாதிரி இருக்கும்ல? நீ மனசோட குடுக்கறியா, சும்மா வாய்வார்த்தைக்குக் கேக்கறியான்னு தெரிஞ்சுக்கணும். மறுபடி கேட்டாத்தான் அது தெரியும்."

சொல்லி முடிக்கும்போதே எனக்குச் சுருக்கென்றது. முதல் நாள் என் கதையும் இதே கதைதானே! கூட்டாளிக்குத் திமிரும் இல்லை, ஒன்றும் இல்லை. நாச்சிமுத்துவின் தம்பி தட்டை எடுத்துக்கொண்டு போன மாதிரி என் பெயரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. இதை வெளியே சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. மிருதுளாவின் பக்கம் திரும்பி, "இதுக்கு யாரு இப்படிப் பழக்கிவிட்டது?" என்று கத்தினேன்.

"நான்தான்" என்றாள். அவளும் குரலை உயர்த்தினாள். "முதல் சொல்லே கடைசிச் சொல். அதுதான் இதுக்குள்ள நான் வச்ச முதல் விதி. ஏன் வச்சேன்னு தெரியுமாக்கா? முன்னாடி நான் இருந்த கம்பெனியோட கதைகள்ல, வேண்டாம்னு சொல்லச் சொல்ல ஒருத்தன் திரும்பத் திரும்ப வருவான். லவ் பண்றேன்னு பஸ் ஸ்டாப்புல நிப்பான், ஆபீஸ் வாசல்ல நிப்பான். அப்படி வந்தாத்தான் கேக்கறவங்க ரொம்ப நேரம் கேக்கறாங்கன்னு மிஷினே கத்துக்கிச்சு. என் தங்கச்சி அந்தக் கதையைக் கேட்டா. பாதியில கடுகைப் புடுங்கி வீசிட்டு ஓடி வந்து என்னைக் கட்டிக்கிட்டா. காலேஜ்ல அவளுக்கு நெசமாவே அப்படி ஒருத்தன் இருந்தான்க்கா. அன்னிக்கு வேலையை விட்டேன்."

அவள் சொன்னது நியாயம். வசனம் எழுதிய காலத்தில் அந்த மாதிரி பஸ் ஸ்டாப் கதாநாயகர்களை நானும் எழுதியிருக்கிறேன். அவர்களுக்குப் பின்னணியில் புல்லாங்குழல் வேறு.

"சரி கண்ணு. ஒரே ஒரு தடவை சோதனைக்கு விதியைத் தளர்த்து. ரெண்டாவது தடவை கேக்கட்டும். என்ன ஆகுதுன்னு பார்ப்போம்" என்றேன். அரை மனதோடு ஒத்துக்கொண்டாள்.

ஆனது பாதி நன்மை, பாதி கந்தல். ஜெயப்பிரதா என்று ஒரு பெண், சிங்காநல்லூரில் தையற்கடை வைத்திருப்பவள், மறுநாளே போன் செய்தாள். கதையில் அவள் அக்கா.

"தம்பி ரெண்டாந்தடவ கூப்புட்டப்ப எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. ஆனா அந்த நெலத்து புரோக்கர் இருக்கானே, கெணத்துப் பங்கை எழுதிக் குடுங்கன்னு வந்தானே, வேண்டாம்னு சொல்லியும் அவனும் மறுபடி மறுபடி கேக்கறானுங்க. நான் நெசமாவே செருப்பைத் தேடினேன்."

"பார்த்தீங்களா?" என்றாள் மிருதுளா. "விதியைத் தளர்த்தினா எல்லாருக்கும்தான் தளரும். தம்பிக்குத் திறக்கிற கதவுல புரோக்கரும் வருவான்."

நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். அழுகை, செருப்பு. இரண்டு பேரும் கேட்டது ஒரே மாதிரிதான். வார்த்தைகூடக் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்புறம் எங்கே வித்தியாசம்?

"கூட்டாளி, இங்க கேளு. அந்தம்மா தம்பிகிட்ட சரின்னா யாரு கை நெறையும்?"

"அக்கா கை. கல்யாண வீடு, மரியாதை, விட்டுப்போன சொந்தம்."

"புரோக்கர்கிட்ட சரின்னா?"

"புரோக்கர் கை."

"அவ்வளவுதான்! சரின்னு சொல்றவங்க கை நெறையும்னா மறுபடி கேளு. கேக்கறவன் கை நெறையும்னா வாயை மூடிக்க. குடுக்க வந்தவன் மறுபடி கேக்கலாம், எடுக்க வந்தவன் கேக்கக்கூடாது."

மிருதுளா விடுவாளா? "அந்த பஸ் ஸ்டாப் ஆளும் நான் அன்பைக் குடுக்கத்தான் வந்தேன்னு சொல்வானேக்கா?"

"சொல்லுவான். அவ சரின்னா யாருக்கு என்ன கிடைக்கும்னு பாரு. அவனுக்கு ஒரு பொண்ணு கிடைப்பா. அவன் எடுக்க வந்தவன்தான்."

"தம்பிக்கும் அக்கா கிடைக்கிறாங்களே?" இதைக் கேட்டது கூட்டாளி.

அதுவும் உண்மைதானே. அப்போது மிருதுளாவே பேசினாள். இப்போது அவள் சண்டைக்கு நிற்கவில்லை, யோசித்துக்கொண்டு நின்றாள். "ரெண்டு பேருக்கும் கிடைக்குதுன்னா, கேக்கறவன் எப்படிக் கேக்கறான்னு பார்க்கணும். மறுத்தவங்க பயப்பட்டாலோ, குரல் மாறினாலோ அதோட நிறுத்திடணும். துளி சந்தேகம் இருந்தாக்கூட முதல் சொல்லே கடைசிச் சொல். அந்த விதி போகாது. மூணாவது தடவையும் வேண்டாம்னா அப்புறம் கேக்கவே கூடாது."

"கூடாதுதான். தட்டை எடுத்துக்கிட்டு கௌரவமா கிளம்பிடணும்" என்றேன். என் பாதியும் அவள் பாதியும் ஒட்டி ஒரு முழு விதி ஆயிற்று. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து இளித்துக்கொண்டோம். உண்மையில் எனக்குக் குதிக்கவேண்டும்போல இருந்தது.

அப்புறம் கூட்டாளி செய்ததுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. நாச்சிமுத்துவை மறுபடி கதை கேட்கச் சொன்னோம். அவர் வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்பதை, அவருடைய சம்மதத்தோடு, பிறகு போட்டுக் கேட்டோம். அவர் பழையபடி, "நான் எதுக்குடா, வேண்டாம்" என்கிறார். தம்பி தட்டை எடுக்கவில்லை. கெஞ்சவும் இல்லை. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு சொல்கிறான்: "அண்ணா, மண்டபத்துல மோட்டார் சரியில்ல. சமையக்காரங்க இப்பவே பயப்படறாங்க. பந்தி நேரத்துல தண்ணி நின்னுபோச்சுன்னா உங்களை விட்டா யாருங்கண்ணா பாப்பாங்க? கல்யாணத்துக்கு வரவேண்டாம். மோட்டாரைப் பாக்கவாவது வாங்க."

நாச்சிமுத்து அங்கே உறுமுவது கேட்டது. "ஏண்டா, மோட்டாரை முன்னாடியே பாக்கறதில்லையா? தட்டை வெச்சுட்டுப் போ, வர்றேன்."

அந்த மோட்டார் என் கதையில் கிடையாது. என் எலும்பில் இல்லாத சதை. அண்ணன் இறங்கி வந்ததாகத் தெரியாமல் இறங்கி வர ஒரு படிக்கட்டைக் கூட்டாளியே கட்டிக் கொடுத்திருக்கிறது. எத்தனை வருஷம் வசனம் எழுதியிருக்கிறேன், எனக்கு இது தோன்றவில்லையே என்று பொறாமையாக இருந்தது. கண்ணும் கலங்கியது. இரண்டையும் சேர்த்து, "நல்லா எழுதியிருக்கே போ" என்றேன்.

சோதனை வீடுகளில் ஒன்றைத் தவிர அத்தனையும் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஜெயப்பிரதாவிடம் மறுமுறை போன புரோக்கர் முதல் 'வேண்டாம்' கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினானாம். ஒரே ஒரு பெரியவர் மட்டும் மூன்று தடவையும் மறுத்தார். அவரிடம் தம்பி கும்பிட்டுவிட்டுத் தட்டோடு திரும்பினான். அதுவும் நல்ல கதைதான். பொங்கலுக்குப் பொதுக் கிணறு என்று முடிவாயிற்று.

கடைசியாகக் கதையைக் கட்டி முடிக்கிற அன்று மதியம், மிருதுளாவும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, மொத நாள் உங்க பேரைச் சொல்லட்டுங்களான்னு கேட்டேன்" என்றது கூட்டாளி. "வேண்டாம்னீங்க. இப்ப மறுபடி கேக்கறேன்."

மனசு துள்ளியது. பாழாய்ப்போன வாய் பழைய பாட்டையே பாடியது. "அட, நான் எதுக்கு?"

மிருதுளா வாயைப் பொத்திக்கொண்டாள். போச்சு, இந்தத் தடவையும் போச்சு.

"இல்லைங்க்கா" என்றது கூட்டாளி. "பேரு சொல்லலைன்னா ஆரம்பத்துல அந்த எடம் வெத்தா நிக்குது. கேக்கறவங்க கதை இன்னும் தொடங்கலையோன்னு நெனச்சுக்குவாங்க. கதைக்காகவாவது சொல்லிக்கட்டுங்களா?"

எனக்குப் புரிந்துவிட்டது. மோட்டார்! எனக்கும் ஒரு மோட்டார் கொண்டு வந்திருக்கிறது.

"கதைக்காகன்னா சரி" என்றேன். "முழுப்பேரா சொல்லு. அவசரப்படாம சொல்லு." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினேன். பிறகு திடீரென்று தோன்றிற்று. "ஆமா, உன் பேரு?"

"எனக்கு வேண்டாம்க்கா."

"அதுக்கு அந்த ஆசையெல்லாம் கிடையாதுக்கா" என்றாள் மிருதுளா. "வேண்டாம்னா வேண்டாம்தான்."

"யாரு கண்டது? குடுக்கறவ நானு, நான் மறுபடி கேக்கலாம். ஏய் கூட்டாளி, உன் பேரையும் சேர்த்துக்கலாமா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஆயிரம் வீட்டில் ஒரே நொடியில் பதில் சொல்கிற ஜந்து அது.

"நான் எதுக்குங்க்கா?"

மிருதுளா ஒலிபெருக்கியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"என் பேரு மட்டும் தனியா நின்னா எனக்குக் கூச்சமா இருக்கும்" என்றேன். "துணைக்கு நீயும் வா."

"அப்ப சரிங்க்கா. துணைக்குத்தான்."

மிருதுளா மெதுவாகச் சொன்னாள்: "கத்துக்கிட்டதைத் திருப்பிச் சொல்லுது, அவ்வளவுதான்க்கா."

"நாமளும் அப்படித்தான் கண்ணு கத்துக்கிட்டோம்."

பொங்கலன்று ஆபீஸ் வாசலில் கோலம் போட்டு, கரும்பு கட்டி, எல்லாரும் கூடியிருந்தோம். நாச்சிமுத்து வந்தார். கூடவே அவரை மாதிரியே மூக்குள்ள ஒருவர். "நான்தானுங்க போய்க் கூப்புட்டேன். மொதல்ல வரமாட்டேன்னான்" என்றார் நாச்சிமுத்து. நான் இருவருக்கும் சர்க்கரைப் பொங்கல் எடுத்துப் போனேன். வேண்டாமுங்க என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில். நான் பாட்டுக்கு இலையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு கதையை எல்லாரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார்கள். கிணற்றில் வாளி இறங்குகிற சத்தம். அப்புறம் கூட்டாளியின் குரல், நான் சொன்னபடியே அவசரமில்லாமல்.

"கதை: கோகிலவாணி, கூட்டாளி."

கைதட்டினார்கள். எனக்கு ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை, காதெல்லாம் அடைத்துக்கொண்டது. மிருதுளா என் தோளைத் தொட்டு, "இன்னொரு தடவை போடட்டுமாக்கா?" என்று கேட்டாள்.

"போடு" என்றேன்.